தாத்தாவின் அலுமினிய டப்பி: சாங்கி போர்க்கைதிகளின் கைவேலை பற்றி

ஈசூனில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவு அலுமினிய சிகரெட் டப்பி ஒன்று கிடைத்தது. மூடியில் ஒரு தென்னைமரம், அதன் கீழே 'சாங்கி 1943' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. இது போர்க்கைதிகள் செய்ததா? சோற்றுக்கே வழியில்லாதவர்களுக்கு உலோகமும் கருவியும் எங்கிருந்து கிடைத்தன? எங்கள் தாத்தாவிடம் இது எப்படி வந்திருக்கும்?"

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். போர்க்கைதி ஒருவர் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த 'சாங்கி 1943' என்ற எழுத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எழுத்தை யாரும் எந்த ஆண்டிலும் பொறிக்கலாம். தகட்டைப் பாருங்கள். நான் கப்பல் பட்டறை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டு உலோகம் அறுத்தும் அராவியும் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு சாங்கி அருங்காட்சியகத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளின் முன்னாலும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இதைச் செய்தவனிடம் அன்று என்ன கருவி இருந்தது?

டப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் உள்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சில் அழுத்திய டப்பியின் மூலைகள் ஒரே சீராக, மடிப்பில்லாமல் இருக்கும். கையால் செய்ததில் மூலையில் தகடு வெட்டி மடிக்கப்பட்டிருக்கும். நகம் நுழையாத சிறு இடைவெளி ஒன்றாவது தெரியும். அரம் போட்ட கீறல்கள் ஒரு திசையில் ஓடாமல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். கீலைக் கவனியுங்கள்: தகட்டின் ஓரத்தைச் சுருட்டி உள்ளே ஒரு கம்பியைச் செருகியிருந்தால், அந்தக் கம்பி என்ன கம்பி என்று பாருங்கள். தகட்டில் எங்காவது சம இடைவெளியில் வரிசையாகச் சிறு துளைகளோ, துளையை அடைத்த தடமோ இருந்தால் அது விமானத்தின் தோலில் ரிவெட் அடித்த வரிசையாக இருக்கலாம். அப்படி இல்லாமல் தகடு முழுவதும் மிக லேசாக வளைந்திருந்தால், சிப்பாயின் சாப்பாட்டு டின்னை வெட்டி விரித்திருக்கக்கூடும்.

பிறகு அந்தத் தென்னைமரம். நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பாத்திரக்கடைக்காரர் பெயர் வெட்டித் தருவாரே, புள்ளி புள்ளியாக ஒரு கோடு விழுமே, நினைவிருக்கிறதா? அதைப்போல, முனையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி நகர்த்தினால் நெளிநெளியாக ஒரு கோடு விழும். நல்ல செதுக்குளி இல்லாதவன், தீட்டிய ஆணியை வைத்துக்கொண்டு அலுமினியத்தில் வரைய இதுவே எளிய வழி. உங்கள் மரத்தின் ஓலைகள் அந்த நெளிகோட்டில் இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

இனி, பொருள்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு வருகிறேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சுமார் 50,000 பேரைச் சாங்கிக்கு நடத்திச் சென்றார்கள். சாங்கி என்றதும் நாம் சிறைச்சாலையை நினைக்கிறோம். முதல் இரண்டு ஆண்டுகளில் படைவீரர்கள் இருந்தது சிலராங், ராபர்ட்ஸ் போன்ற ராணுவக் குடியிருப்புகளில். சிறைக்குள் இருந்தவர்கள் ஐரோப்பியப் பொதுமக்கள். 1944 மே மாதத்தில்தான் பொதுமக்கள் சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டு, கைதிகள் சிறைக்குள்ளும் அதைச் சுற்றியும் அடைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 600 பேருக்காகக் கட்டிய சிறை அது. ஆகவே உங்கள் டப்பியில் 1943 என்று இருந்தால், அதைச் செய்தவர் சிறைக் கொட்டடியில் உட்கார்ந்து செய்தார் என்று கற்பனை செய்ய வேண்டாம். வெடிகுண்டு விழுந்து கூரை பிய்ந்த ஒரு ராணுவக் குடியிருப்பின் வராந்தாவில் செய்திருப்பார்.

அந்தக் குடியிருப்புகள் ஒரு படை விட்டுச்சென்ற இடங்கள். அங்கே காலிப் பீரங்கிக் குண்டு உறைகள் கிடந்தன. ஓடாத லாரிகள் நின்றன. கைதிகள் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தையும் சக்கரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, கயிறு கட்டித் தாங்களே மாடுகளாக இழுத்து விறகு சுமந்தார்கள். கழற்றிய பாகங்கள் பட்டறைக்குப் போயின. முள்கம்பியை நீட்டி நறுக்கி ஆணி செய்தார்கள். தென்னை நாரில் துடைப்பம், பல்துலக்கி. ரப்பர் மரங்கள் இருக்கவே இருந்தன. பாலை எடுத்துக் காலணியின் அடியை ஒட்டினார்கள். காலணியும் தேய்ந்து போனவர்களுக்கு மரக்கட்டையில் பட்டை அடித்த மிதியடி. போதாக்குறைக்கு, 1943இல் தொடங்கிச் சாங்கியில் ஜப்பானியருக்கு விமானத்தளம் அமைக்கும் வேலையும் இந்தக் கைதிகள் தலையில்தான் விழுந்தது. இன்றைய சாங்கி விமான நிலைய வட்டாரத்தின் தொடக்கம் அதுதான். விமானத்தளம் இருக்கும் இடத்தில் நொறுங்கிய விமானமும் இருக்கும், அதன் அலுமினியமும் இருக்கும்.

கருவி குறைவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் கருவி செய்யத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். படையின் பொறியாளர்கள், ஃபிட்டர்கள், கடிகாரம் பழுதுபார்த்தவர்கள், அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சீருடையில் வந்து மாட்டிக்கொண்டவர்கள்தாம். தொழில் தெரிந்தவனிடம் ஒரு நல்ல எஃகுத் துண்டு கிடைத்தால் போதும், மற்றக் கருவிகள் அதிலிருந்து பிறக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் சாங்கிச் சிலுவை. ராணுவப் பாதிரியார் எரிக் கார்டிங்லி சாங்கியில் தொழுகைக்கு ஓர் இடம் தேடினார். அங்கே முன்பு இந்தியச் சிப்பாய்களுக்காக இருந்த சிறு பள்ளிவாசல் ஒன்று காலியாகக் கிடந்தது. அதையே புனித ஜார்ஜ் தேவாலயமாக்கினார்கள். அதன் பீடத்துக்கு ஒரு சிலுவை வேண்டியிருந்தது. ஹாரி ஸ்டாக்டன் என்ற ஸ்டாஃப் சார்ஜென்ட், 4.5 அங்குல ஹவிட்சர் பீரங்கியின் பித்தளைக் குண்டு உறையை எடுத்துச் செய்து கொடுத்தார். டிம் ஹெம்மிங்ஸ் என்பவர் அதில் நான்கு ரெஜிமெண்டுகளின் சின்னங்களைப் பொறித்தார். அவருடைய செதுக்குளி என்ன தெரியுமா? தீட்டிக் கூர்மையாக்கிய ஒரு குடையின் எஃகு முனை.

இந்த வேலையின் கடினத்தைப் பட்டறைக்காரனாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குண்டு உறை, தகடு அல்ல. ஆழமாக இழுத்து உருவாக்கிய குழல். அடிப்பக்கம் தடிமன், வாய்ப்பக்கம் மெல்லிசு. நீளவாக்கில் அறுத்து விரிக்க வேண்டும். பித்தளையைத் தட்டத் தட்ட அது இறுகிக்கொண்டே போகும். இறுகியதை மேலும் தட்டினால் விரிசல் விடும். அதனால் நடுவில் நிறுத்தி, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்ச வேண்டும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும். பித்தளை அப்படியில்லை, முக்கினாலும் மென்மையாகவே இருக்கும். மறுபடி தட்டு, மறுபடி காய்ச்சு. கரியும் துருத்தியும் வேண்டும், பொழுது வேண்டும். கால் வயிற்றுச் சோற்றில் நின்றுகொண்டு ஒருவர் இதைச் செய்தார் என்பதை எண்ணும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஸ்டாக்டன் வீடு திரும்பவில்லை. கார்டிங்லி அந்தச் சிலுவையைத் தன்னோடு சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, எடுத்துப் போனார். அங்கே ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட ரயில் பாதையில் இறந்தவர்களை அடக்கம் செய்யும்போது அது முன்னால் நின்றது. இன்று அது அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் உள்ள சாங்கி தேவாலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2ஆம் எண் பஸ் அந்த வாசலருகே நிற்கும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். போய் ஒரு கால்மணி நேரமாவது அதன் முன்னால் நில்லுங்கள்.

அலங்காரப் பொருள் என்று நினைத்து இந்தக் கைவேலைகளை அணுகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானவை உயிர் பிழைக்கச் செய்தவை. சயாம் ரயில் பாதையிலிருந்து திரும்பியவர்களில் பலருக்குக் காலில் புண் புரையோடி, காலையே எடுக்க வேண்டிவந்தது. அவர்களுக்கு முகாமிலேயே செயற்கைக் கால் செய்தார்கள். அலுமினியமும் மரமும் தோலும் எங்கெங்கோ பொறுக்கியவை. ஒரு மனிதனின் எடையைத் தாங்க வேண்டும், தொடையை அராவக்கூடாது, முழங்கால் மடங்க வேண்டும். ராபர்ட்ஸ் குடியிருப்பில், ஸ்டான்லி வாரன் என்ற நோயாளிச் சிப்பாய் 1942இல் தேவாலயச் சுவரில் ஓவியம் தீட்டியபோது, பில்லியர்ட்ஸ் விளையாட்டுச் சுண்ணக்கட்டியைப் பொடித்து நீல வண்ணம் எடுத்தார் என்பதைப் பலரும் வியந்து சொல்வார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் செயற்கைக் காலை அதற்கு ஒரு படி மேலே வைப்பேன்.

வேறு சில பொருள்கள் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டவை. துடைப்பத்தின் தலைக்குள் வானொலிப் பெட்டி வைத்தார்கள். தீப்பெட்டிக்குள் மறைத்த ஒரு மோர்ஸ் கருவி, 2021இல் மறுபடி திறந்த இதே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. அகப்பட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1943 அக்டோபர் 10 அன்று கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீசார் சாங்கிச் சிறையைச் சோதனையிட்டு, துறைமுகக் கப்பல்களைத் தகர்த்த தாக்குதலுக்கு உள்ளிருந்து செய்தி போயிருக்கும் என்று சந்தேகித்து 57 பேரைப் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். அந்தத் தாக்குதலில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

பெண்களின் கைவேலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிறையில் ஒரு பக்கம் பெண்களும் குழந்தைகளும், சுவருக்கு மறுபக்கம் அவர்களுடைய கணவன்மார். உயிரோடு இருக்கிறார்களா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. எத்தல் மல்வனி என்ற கனடியப் பெண் 1942இல் ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கு ஒரு சதுரத் துணி, ஆறங்குலம், அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் தைக்க வேண்டும். அப்படி 66 சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. மாவு மூட்டை, படுக்கை விரிப்பு, பழைய சட்டை என்று கைக்கு எட்டிய துணியெல்லாம் அதில் சேர்ந்தது. நூலைப் பழைய துணியிலிருந்து உருவினார்கள். மூன்று போர்வைகள் செய்தார்கள்: பிரிட்டிஷாருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கும் ஒன்று. காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று தருகிறோம் என்றால்தான் மற்ற இரண்டும் மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் என்பது அவர்கள் கணக்கு. போர்வை ஆண்களின் மருத்துவமனைக்குள் போனதும், பெயரைக் கண்ட கணவனுக்கு மனைவி உயிரோடிருக்கும் செய்தி கிடைத்தது.

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில், போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று தைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே, இதை உலர்சலவை செய்வது நல்லது என்று ஒரு குறிப்பு. குளிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள், போர் ஒருநாள் முடியும், சலவைக்கடைகள் திறந்திருக்கும், தங்கள் தையலை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார் என்று 1942இலேயே நம்பித் தைத்த வரி அது. ஆஸ்திரேலிய, ஜப்பானியப் போர்வைகள் இன்று கான்பராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில், செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

இப்போது உங்கள் தாத்தாவிடம் வருவோம். கைதிகள் முகாமுக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கினார்கள், புக்கிட் பாத்தோக்கிலும் மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பக்கத்திலும் ஜப்பானியருக்கு நினைவிடங்கள் கட்டினார்கள், தெருக்களில் குண்டுக் குழிகளை மூடினார்கள். அங்கெல்லாம் நம் மக்களும் இருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கே சோறாகிப்போன காலம் அது. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு இறங்கிய காலம். அப்படியிருந்தும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற எலும்புக்கூடுகளுக்கு ஒரு வாழைப்பழமோ, வெல்லக்கட்டியோ, முட்டையோ கொடுத்தவர்கள் இருந்தார்கள். அகப்பட்டால் கொடுத்தவருக்கும் அடி, வாங்கியவருக்கும் அடி. கைதிகளிடம் மாற்றாகக் கொடுக்க இருந்தவை கடிகாரம், பேனா, அவை தீர்ந்த பிறகு கையால் செய்த இதுபோன்ற பொருள்கள். இன்னொரு வழியும் உண்டு: 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்து கைதிகள் வெளியே வந்தபோது நன்றியாகவோ, சிகரெட்டுக்கு மாற்றாகவோ கொடுத்திருக்கலாம். கடற்படைத் தளத்துக்குப் பிரிட்டிஷார் திரும்பியதும் உங்கள் தாத்தா அங்கே தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அப்படியும் கைமாறியிருக்கும். இந்த இரண்டில் எது என்பதை டப்பி சொல்லாது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகு என் மனத்தை அரிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரி 17 அன்று, இன்று ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் இருக்கும் வட்டாரத்தில், 40,000க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஒன்றுதிரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்கள் கைதிகளாகவே இருந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டு நியூகினி வரைக்கும் போனார்கள். சயாம் ரயில் பாதைக்குப் போன வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 60,000 பேர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் மும்மடங்குக்கு மேல். இவர்களுக்குக் கை இல்லையா? தச்சரும் கொல்லரும் தட்டாரும் அந்தக் கூட்டத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? மூங்கிலில் குவளை வெட்டியிருப்பார்கள், தகரத்தை மடித்துத் தட்டு செய்திருப்பார்கள். பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பையாவது செய்திருப்பார்கள். ஆனால் காட்சிப்பெட்டிகளில் அவர்களுடைய பொருள்களை நான் தேடிக் களைத்திருக்கிறேன். பிரிட்டிஷ் வீரர் வீடு திரும்பியபோது அவருடைய டின்னை வாங்கிப் பெயர் எழுதி வைக்கக் குடும்பமும் இருந்தது, ரெஜிமெண்டும் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் குவளை அவர் செத்த இடத்திலேயே மக்கியது. பிழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த ஒன்றிரண்டும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போயிருக்கும்.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நீளமாகப் பேசுகிறேன். தயவுசெய்து அந்த டப்பியைப் பளபளப்பாக்காதீர்கள். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், கடையில் விற்கும் பாலிஷ் அறவே வேண்டாம். அரத்தின் தடமும் நெளிகோட்டின் கூர்மையும் ஒரு தேய்ப்பிலேயே மழுங்கிவிடும். விமான அலுமினியத்தில் செம்பு கலந்திருக்கும், ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். ஆகவே மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உள்ளே புகையிலைத் தூள் ஒட்டியிருந்தால் அதையும் தட்டிவிட வேண்டாம். வாங்குகிறேன் என்று யாராவது வந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். சாங்கி அருங்காட்சியகத்தை நடத்துவது தேசிய அரும்பொருளகம். முதலில் அவர்களிடம் காட்டுங்கள். தாத்தாவின் வேலை அட்டை, புகைப்படம், டிரங்குப் பெட்டி இவற்றையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். தனியே பார்த்தால் அது ஒரு கைதியின் டப்பி. தாத்தாவின் பெட்டியோடு சேர்த்துப் பார்த்தால்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு தமிழர் அதில் தெரிவார்.

உங்கள் அம்மாவுக்கோ மாமாவுக்கோ தாத்தா அதைப் பற்றி ஏதாவது சொன்ன நினைவிருந்தால், அரைகுறை வாக்கியமாக இருந்தாலும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே இந்த வாரமே எழுதி வையுங்கள், தேதியும் போடுங்கள். இன்னொரு வேலை: மூடியைத் திறந்து, கீலுக்கு அடியில் உள்ள மடிப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சிப்பாய்கள் தங்கள் சாப்பாட்டு டின்னில் பெயரையோ படை எண்ணையோ கீறி வைப்பது வழக்கம். டின்னை வெட்டும்போது அதில் பாதி இங்கே வந்து மாட்டியிருக்கலாம். நான்கு இலக்கம் தெரிந்தாலும் போதும், எழுதி அனுப்புங்கள்.